அண்ணத்தில் எடுத்து ஈறில் ஒட்டுதல்: திசு எடுக்கும் முறைகள் எப்படி வேறுபடுகின்றன?

ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்த பல்லுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரிடம், மறுநாள் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், அவர் அந்தப் பல்லைக் காட்டுவது அரிது. பெரும்பாலும் நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தொட்டுக் காட்டுவார். சிகிச்சை நடந்தது பல்லுக்கு. காயம் ஆறவேண்டியதோ அண்ணத்தில். வேரை மூடுவதற்கான திசுவை அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள். ஈறு ஒட்டு அறுவையைப் பற்றி எழுதப்படுபவற்றில் ஒட்டும் இடமே பெரிதாகப் பேசப்படுகிறது: வேர் எவ்வளவு மூடியது, நிறம் பொருந்தியதா, கூச்சம் போனதா என்பவை அதில் அடங்கும். எடுக்கும் இடத்தில் எந்த வகைக் கீறல் போடப்பட்டது, அங்கே எவ்வளவு திசு மிச்சம் வைக்கப்பட்டது என்பவை அறுவை அறைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. ஆனால் நோயாளியின் முதல் இரண்டு வாரங்களையும், ஒட்டப்படும் திசுவின் தரத்தையும் சேர்த்துத் தீர்மானிப்பது அந்தக் கீறல்தான். ஆகவே இந்தக் கட்டுரை எடுக்கும் இடத்தைப் பற்றியது.

ஈறின் விளிம்பு இயல்பாகப் பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் எல்லையை ஒட்டி நிற்கும். அந்த எல்லையைத் தாண்டி அது வேரின் பக்கம் நகர்ந்துவிடுவதையே ஈறு இறக்கம் என்கிறோம். வேருக்கு எனாமல் கவசம் இல்லாததால் குளிர்ந்த நீரும் புளிப்பும் பட்டவுடன் கூசுகிறது. நாளடைவில் வேரில் சொத்தை விழுகிறது. முன்பற்களில் என்றால் சிரிக்கும்போது பல் நீண்டு தெரிகிறது. ஈறு நோயால் எலும்பு கரைவது ஒரு காரணம். கடினமான பிரஷால் அழுத்திக் குறுக்காகத் தேய்ப்பது இன்னொன்று. இவற்றோடு பிறவியிலேயே மெல்லிய ஈறு அமைந்திருப்பதும், பல் வரிசையை விட்டு வெளியே துருத்தி நிற்பதும், கம்பி கட்டும் சிகிச்சையில் பல் எலும்பின் வெளிச்சுவரைத் தாண்டித் தள்ளப்படுவதும் சேரும். புகையிலையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் அடக்கி வைப்பவர்களுக்கு, அதை வைக்கும் அதே இடத்தில் ஈறு இறங்கியிருப்பதைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

இறங்கிய ஈறு எல்லாவற்றையும் மீண்டும் முழுமையாக மூடிவிட முடியாது. எதை மூடலாம் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஈறு மருத்துவ நிபுணர் மில்லர் 1985-இல் நான்கு வகைகள் கொண்ட பாகுபாட்டைத் தந்தார். 2011-இல் கைரோவும் அவருடைய குழுவினரும் முன்வைத்த மூன்று வகைப் பாகுபாடு இப்போது அதன் இடத்தைப் பெருமளவு பிடித்திருக்கிறது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: பற்களுக்கு இடையிலுள்ள எலும்பும் திசுவும் குறையாமல் இருந்தால் வேரை முழுதும் மூடலாம் என்று நம்பலாம், அவை குறைந்திருந்தால் அந்தக் குறைவுக்கு ஏற்ப எதிர்பார்ப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேர்த்தியாகத் திசு எடுத்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது என்பதால், முறைகளை ஒப்பிடுவதற்கு முன்பே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

அண்ணம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? அண்ணத்தின் பரப்பு ஈறைப் போலவே கெரட்டின் என்ற கடினமான புரதம் படிந்து உறுதியானது. உணவின் உராய்வைத் தாங்குவது. ஆனால் அந்த உறுதியை ஆள்வது மேல்தோல் என்று நினைத்தால் தவறு. கேரிங், லாங், லோ ஆகியோர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளின் ஈறிலிருந்தும் வாயின் மென்மையான உட்தோலிலிருந்தும் அடித்திசுவை மட்டும் எடுத்து இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஈறின் அடித்திசு எங்கே வைக்கப்பட்டதோ அங்கே அதன் மீது கெரட்டின் படிந்த தோல் வளர்ந்தது. மேலே வளரும் தோல் எப்படி இருக்கவேண்டும் என்ற கட்டளை, அடியிலுள்ள இணைப்புத் திசுவிலிருந்து வருகிறது என்பது இதனால் தெளிவானது. அண்ணத்தின் தோலை விட்டுவிட்டு உள்ளேயிருக்கும் இணைப்புத் திசுவை மட்டும் எடுத்தாலும் போதும் என்ற பிற்கால முறைகள் அனைத்தும் இந்த உண்மையின் மீது நிற்கின்றன.

எடுத்த திசு புதிய இடத்தில் பிழைப்பதும் எளிதான காரியமன்று. அண்ணத்திலிருந்து வெட்டி எடுத்த கணத்தில் அதன் இரத்த ஓட்டம் முற்றிலும் அறுந்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் அடியிலுள்ள காயப் படுக்கையில் ஊறும் பிளாஸ்மாவை உறிஞ்சியே அது உயிர் தரிக்கிறது. அதன்பின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் படுக்கையிலிருந்து அதற்குள் வளரத் தொடங்குகின்றன. வேரின் பரப்போ இரத்த ஓட்டமே இல்லாத கட்டாந்தரை. அதன் மீது கிடக்கும் பகுதிக்கு உணவு பக்கவாட்டிலிருந்தும், கீறிப் பிரித்து மேலே மூடும் ஈறின் மடலிலிருந்தும்தான் வரவேண்டும். திசு அதிகத் தடிமனாக இருந்தாலோ, உள்ளே கொழுப்பும் சுரப்பிகளும் மிகுந்திருந்தாலோ, தையல் தளர்ந்து அசைந்தாலோ, இந்த ஊட்டம் போய்ச் சேராமல் ஒட்டின் ஒரு பகுதி மடிந்துவிடும். எனவே நல்ல ஒட்டு என்பது மெல்லியதாக, சமமான தடிமனுடன், கொழுப்புக் குறைந்து, நார்த்தன்மை மிகுந்ததாக இருக்கவேண்டும். இந்தத் தேவையை மனதில் வைத்துக்கொண்டு அண்ணத்தின் அமைப்பைப் பார்த்தால், முறைகளுக்கிடையே உள்ள போட்டி எதைப் பற்றியது என்பது விளங்கும்.

அண்ணத்தின் பக்கச் சரிவை அடுக்கடுக்காக நினைத்துப் பார்க்கலாம். மேலே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான மேல்தோல். அதன் அடியில் அடர்ந்த நார்களாலான இணைப்புத் திசு. ஒட்டுக்கு மிகவும் விரும்பத்தக்கது இந்த அடுக்கே. அதற்கும் கீழே கொழுப்பும் எச்சில் சுரப்பிகளும் கலந்த தளர்ந்த அடுக்கு. கடைசியில் எலும்பும் அதன் உறையும். மேல்தோலை ஒட்டி மேலே இருப்பது தரமான திசு, ஆழம் செல்லச் செல்லத் தரம் குறைகிறது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும், ஏனெனில் பின்னால் வரும் விவாதம் முழுவதும் இதையே சுற்றி வரும்.

முன்பின்னாகப் பார்த்தால், வெட்டுப்பற்களுக்குப் பின்னால் அண்ணம் வரிவரியாக மடிந்திருக்கும். அங்கே எடுத்தால் அந்த வரிகள் ஒட்டிலும் தொடர்ந்து வந்து அசிங்கமாகத் தெரியும். கோரைப்பல்லுக்குப் பின்னாலிருந்து முன்கடைவாய்ப்பற்கள் வரையிலான பகுதி தடிமனானது. முதல் கடைவாய்ப்பல்லின் அண்ணப்பக்க வேர் துருத்தி நிற்குமிடத்தில் திசு சட்டென்று மெலிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் மீண்டும் தடிக்கிறது என்றாலும், பெரிய அண்ணத் தமனியும் நரம்பும் எலும்பிலிருந்து வெளிப்படும் துளை இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களுக்கு நேராக அங்கேதான் இருக்கிறது. அந்தத் தமனி முன்னோக்கி ஓடும் பாதைக்கும் பல்லுக்கும் இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறுபடும். ரைசரும் அவருடைய குழுவினரும் 1996-இல் தந்த கணக்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது: அண்ணம் தாழ்ந்தவர்களுக்குப் பல்லின் கழுத்திலிருந்து தமனி சுமார் 7 மி.மீ. தூரத்திலும், நடுத்தரமானவர்களுக்கு 12 மி.மீ. தூரத்திலும், உயர்ந்து குவிந்த அண்ணம் உடையவர்களுக்கு 17 மி.மீ. தூரத்திலும் இருக்கும். தாழ்ந்த அண்ணத்தில் ஈறு விளிம்பை ஒட்டி இரண்டு மில்லிமீட்டரை விட்டுவிட்டுத் தொடங்கினால், கத்திக்குக் கிடைக்கும் பாதுகாப்பான அகலம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. முறைகளைப் பற்றிப் பேசும்போது எல்லா நோயாளிகளுக்கும் ஒரே அண்ணம் என்பது போலப் பேசுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்த மூன்று எண்களே சான்று.

முதலில் வந்தது மேல்தோலோடு சேர்த்து எடுக்கும் முறை. சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் 1963-இல் இதை விவரித்தார். சல்லிவனும் அட்கின்ஸும் 1968-இல் எழுதிய தொடர் கட்டுரைகள் இதற்குரிய விதிகளை வகுத்தன. அண்ணத்தில் தேவையான அளவுக்குச் செவ்வகமாகக் கீறி, ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் தோலோடு சேர்த்து ஒரு பத்தையாகச் சீவி எடுத்து, ஈறின் குறை இடத்தில் வைத்துத் தைத்துவிடுவார்கள். செய்வதற்கு எளியது, மெல்லிய அண்ணத்திலும் சாத்தியம், கெரட்டின் படிந்த உறுதியான ஈறை அகலப்படுத்துவதில் இதற்கு இணையானது இன்றும் குறைவு. கீழ்த்தாடை முன்பற்களின் முன்னால் ஈறே இல்லாமல் உதட்டுத் தோல் நேரடியாகப் பல்லை இழுக்கும் நிலையில் இப்போதும் இதையே நாடுகிறார்கள். குறைகள் இரண்டு. அண்ணத்தின் வெளிர் நிறம் ஈறின் நிறத்தோடு கலக்காமல், துணியில் ஒட்டுப்போட்டது போலத் தனியாகத் தெரியும். எடுத்த இடமோ மூடத் தோல் இல்லாமல் திறந்த புண்ணாகக் கிடந்து, ஓரங்களிலிருந்து தோல் மெல்ல வளர்ந்து மூடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கும். அந்த நாட்களில் சூடான சாம்பாரும் காரமும் அந்தப் புண்ணைத் தொடும்போது ஏற்படும் எரிச்சலே, இந்தச் சிகிச்சைக்குக் கிடைத்த கெட்ட பெயரின் மூலம்.

அந்தத் திறந்த புண்ணைத் தவிர்க்கும் முயற்சியாகவே அடுத்த முப்பது ஆண்டுகளின் முறைகளைப் படிக்கலாம். எடல் 1974-இல் விவரித்தது கதவு முறை. அண்ணத்தில் மூன்று பக்கங்களில் கீறி, மெல்லிய மேல் மடலைக் கதவு போலத் திறந்து, உள்ளேயிருக்கும் இணைப்புத் திசுவை மட்டும் எடுத்துக்கொண்டு, கதவை மீண்டும் சாத்தித் தைத்துவிடுவது. லாங்கரும் காலக்னாவும் 1980-இல் இதே வகைத் திசுவை, பல் இழந்த இடத்தில் தாழ்ந்துபோன தாடை மேட்டை நிரப்பப் பயன்படுத்தினார்கள். 1985-இல் வெளிவந்த லாங்கர், லாங்கர் இருவரின் கட்டுரை, வேரை மூடும் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. எடுத்த இணைப்புத் திசுவை வேரின் மீது வைத்து, அதை ஈறின் மடலால் மூடினார்கள். ஒட்டுக்குக் கீழிருந்தும் மேலிருந்தும் இரத்தம் கிடைத்தது. மூடியிருக்கும் மடல் ஈறினுடையதே என்பதால் நிறமும் பொருந்தியது. அப்போது முதல் இணைப்புத் திசு ஒட்டே வேர் மூடுவதில் உரைகல்லாக இருந்துவருகிறது.

அதே 1985-இல் ராட்ஸ்கே, ஒன்றையொன்று நோக்கிச் சாயும் இரண்டு கீறல்களால் பிறை வடிவத் துண்டை எடுக்கும் முறையைச் சொன்னார். ஹாரிஸ் 1992-இல் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் இணையாகப் பொருத்திய இரட்டைக் கத்தியைப் பயன்படுத்தினார். தடிமன் சீராக இருக்கும் என்பது அதன் நன்மை, அண்ணத்தின் வளைவுக்கு ஏற்ப வளையாது என்பது அதன் குறை. புரூனோ 1994-இல், மடலைத் தளர்த்தப் போடும் செங்குத்துக் கீறல்களைத் தவிர்த்து, கிடைமட்டமான இரண்டு கீறல்களால் மட்டும் எடுத்துக் காட்டினார். செங்குத்துக் கீறல்கள் மடலுக்கு வரும் இரத்தக் குழாய்களை வெட்டுகின்றன என்ற கவலை அப்போது வலுத்திருந்தது.

அந்தக் கவலையின் இயல்பான முடிவு ஒற்றைக் கீறல் முறை. ஹுர்சலரும் வெங்கும் 1999-இலும், லொரன்சானாவும் ஆலனும் 2000-இலும் இதை வெளியிட்டார்கள். ஈறு விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாக ஒரே நேர்க்கீறல் போடப்படுகிறது. அந்த ஒரு வாசல் வழியாகக் கத்தியைச் சாய்த்து நுழைத்து, மேல் மடலை உள்ளுக்குள்ளேயே பிரித்து, பிறகு இணைப்புத் திசுவின் நான்கு எல்லைகளையும் பையின் உள்ளேயே வெட்டி வெளியே இழுத்தெடுக்கிறார்கள். வெளியே தெரிவது ஒரு கோடு மட்டும். எல்லாம் சரியாக அமைந்தால் காயம் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. நோயாளி அண்ணத்தை மறந்தே போகிறார். எடுத்த இடம் ஆறும் வேகத்தை ஒப்பிட்ட ஆய்வுகளில், திறந்த புண் முறையைவிட இது முன்னிற்பது எதிர்பார்க்கத்தக்கதே.

ஆனால் 'எல்லாம் சரியாக அமைந்தால்' என்பதற்குள்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒற்றைக் கீறலும் கதவும் வெற்றிபெற, அண்ணத்தில் போதிய தடிமன் இருக்கவேண்டும். மூடும் மடல் பிழைக்க அது குறைந்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கவேண்டும். ஒட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வேண்டும். எலும்பின் மேல் கொஞ்சம் திசுவை விட்டுவைப்பதும் நல்லது. கூட்டிப் பார்த்தால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகிறது. பலருக்கு அண்ணத்தில் அந்த அளவு கிடைப்பதில்லை. அந்த நிலையில் மருத்துவர் பிடிவாதமாக மூடிய முறையையே செய்தால், ஒன்று மடல் மெலிந்து இரத்த ஓட்டமின்றிக் கறுத்து உதிரும், அல்லது ஒட்டு மெலிந்துபோகும். மடல் உதிர்ந்துவிட்டால் நோயாளிக்குக் கிடைப்பது திறந்த புண்ணைவிட மோசமான புண்: அடியில் இணைப்புத் திசுவும் போய்விட்டதால் எலும்பே வெளித்தெரியக்கூடும். மூடிய காயம் வலிக்காது என்ற வாக்குறுதி அந்த நோயாளிக்குக் கைகொடுக்காது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. மூடிய முறைகளில் மேல் மடலுக்காக ஒதுக்கப்படுவது தோலை ஒட்டிய அடர்ந்த நார்த்திசு. ஒட்டாக எடுக்கப்படுவது அதற்கும் கீழே உள்ள, கொழுப்பும் சுரப்பியும் கலந்த அடுக்கு. காயம் சீக்கிரம் ஆறவேண்டும் என்பதற்காக நல்ல சரக்கை அண்ணத்திலேயே விட்டுவிட்டு, இரண்டாம் தரத்தை ஈறுக்கு எடுத்துச் செல்கிறோம். இந்த முரணை நேராக எதிர்கொண்டவர்கள் இத்தாலியின் பொலோனியாவைச் சேர்ந்த சுக்கெல்லியும் அவருடைய குழுவினரும். அவர்கள் செய்தது, பழைய முறைக்கே ஒரு வகையில் திரும்பிச் சென்றது. மேல்தோலோடு சேர்த்து மெல்லிய பத்தையை அண்ணத்திலிருந்து எடுக்கிறார்கள். வாய்க்கு வெளியே ஈரத் துணியின் மீது அதை விரித்துவைத்து, புதிய கத்தியால் மேல்தோலை மட்டும் சீவிக் களைகிறார்கள். எஞ்சும் அடர்ந்த இணைப்புத் திசுவை ஈறு மடலுக்கு அடியில் வைக்கிறார்கள். வாய்க்குள்ளேயே முதலில் மேல்தோலைக் களைந்துவிட்டுப் பிறகு எடுப்பவர்களும் உண்டு. தோல் நீக்கிய ஒட்டு என்று இதைச் சொல்லலாம். கொழுப்பு அடுக்கைத் தொடாமலே தரமான திசு கிடைக்கிறது; அண்ணம் மெலிந்திருந்தாலும் எடுக்க முடிகிறது; தமனியிலிருந்து மேலோட்டமாக விலகியே கத்தி நிற்கிறது. விலையாகக் கொடுக்கவேண்டியது அந்தத் திறந்த புண்.

அந்த விலை எவ்வளவு என்பதை அளக்க அவர்களே 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 50 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் கதவு முறையிலும் மறு பாதியினருக்குத் தோல் நீக்கிய முறையிலும் திசு எடுத்தார்கள். திறந்த புண்ணைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தாலான பஞ்சால் மூடினார்கள். வலி மாத்திரைகளின் அளவிலும், நோயாளிகள் சொன்ன அசௌகரியத்திலும் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேர் மூடிய அளவும் ஒத்தே இருந்தது. ஈறின் தடிமன் மட்டும் தோல் நீக்கிய ஒட்டில் கூடுதலாக அதிகரித்தது. மாத்திரைத் தேவையை உயர்த்தியவை வேறு: எடுத்த துண்டின் உயரமும், கதவு முறையில் மடல் பிரிந்தோ மடிந்தோ போனதும். இங்கே ஒரு கவனம் தேவை. சிறிய, மெல்லிய துண்டுகளைத் தேர்ந்த கைகள் எடுத்து, புண்ணையும் பாதுகாத்த சூழலில் கிடைத்த முடிவு அது. பெரிய, தடித்த பத்தைகளைச் சீவியெடுத்துப் புண்ணை அப்படியே விட்டுவிட்டால் பழைய கெட்ட பெயரே திரும்பும். மேல்தோலோடு எடுத்து அப்படியே ஒட்டும் பழைய முறையை இணைப்புத் திசு முறையோடு ஒப்பிட்ட வேறு ஆய்வுகளில், முதல் சில நாட்களின் அண்ண வலி பழைய முறையிலேயே அதிகமாக இருந்தது.

அதே குழுவினர் 2014-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, என் பார்வையில், கீறலின் வடிவத்தைப் பற்றிய எல்லா வாதங்களையும்விட நடைமுறைக்கு அதிகம் உதவுவது. வேரின் மேல் எலும்பு இல்லாத உயரம் முழுவதற்கும் ஈடாகப் பெரிய துண்டு எடுப்பதற்குப் பதிலாக, 4 மி.மீ. உயரமும் 2 மி.மீ.-க்கும் குறைந்த தடிமனும் உள்ள சிறு துண்டை எடுத்து ஒப்பிட்டார்கள். வேர் மூடுவதில் வேறுபாடு இல்லை, வலி குறைந்தது, தோற்றமும் மேம்பட்டது. பெரிய ஒட்டு பெரிய பலன் தரும் என்ற உள்ளுணர்வை இது மறுக்கிறது. அண்ணத்தில் எத்தனை கீறல் போட்டோம் என்று வாதிட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும், எவ்வளவு எடுத்தோம் என்ற கேள்வியும், எலும்பின் மேல் எவ்வளவு விட்டுவைத்தோம் என்ற கேள்வியும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தன. வலியின் கணக்கை எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டுமே.

தோல் நீக்கிய முறையை எதிர்ப்பவர்கள் ஒரு நியாயமான அச்சத்தை முன்வைக்கிறார்கள்: களையப்படாமல் எஞ்சும் மேல்தோல் துணுக்குகள் மடலுக்கு அடியில் புதைந்து நீர்க்கட்டியாகலாம் என்பது அது. நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் ஒட்டுகளிலும் மேல்தோல் எச்சம் தென்படவே செய்கிறது. ஆயினும் அப்படிக் கட்டி உருவானதாகப் பதிவான நோயாளிகள் மிகச் சிலரே. நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து, மேல்தோலின் மினுமினுப்பு மறையும்வரை பொறுமையாகச் சீவுவதே இதற்குரிய காப்பு.

அண்ணத்தின் சரிவைத் தவிர இன்னோர் இடமும் உண்டு: மேல்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேடு. ஞானப்பல் இல்லாதவர்களுக்கோ, அது எடுக்கப்பட்டவர்களுக்கோ அங்கே தடித்த திசு கிடைக்கும். கொழுப்பும் சுரப்பியும் குறைந்து, நார்கள் மிக அடர்ந்து, ஒட்டிய பின் சுருங்காமல் நிற்கும் தன்மை அதற்கு உண்டு. காயமும் நாக்குக்கு எட்டாத மூலையில் இருப்பதால் தொந்தரவு குறைவு. ஆனால் கிடைக்கும் அளவு சிறிது. பல பற்களை ஒரே நேரத்தில் மூட அது போதாது. சிலருக்கு ஒட்டிய இடத்தில் அந்தத் திசு அளவுக்கு மீறித் தடித்து வளர்ந்து, பின்னர் சீவிச் சரிசெய்யவேண்டியும் நேர்கிறது. பல் இழந்த இடத்தில் பள்ளத்தை நிரப்பவும், எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேரான இம்ப்ளான்ட்டைச் சுற்றித் திசுவைத் தடிப்பாக்கவும் இது பொருத்தமானது; மெல்லிய, நயமான முன்பல் ஈறுக்கு யோசித்தே பயன்படுத்தவேண்டும்.

எடுத்த இடத்தை எப்படிப் பாதுகாப்பது என்பதையும் முறையின் ஒரு பகுதியாகவே கருதவேண்டும். அக்ரிலிக்கில் முன்கூட்டியே செய்துவைத்த அண்ணத் தகடு, கொலாஜன் பஞ்சு, திசுப் பசை, நோயாளியின் சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தெடுக்கும் ஃபைப்ரின் படலம் என்று பல பயன்பாட்டில் உள்ளன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை ஒன்றே: இரத்தக்கட்டியை இடம்பெயராமல் காப்பதும், நாக்கும் உணவும் புண்ணைத் தொடாமல் தடுப்பதும். தகடு செய்ய ஒரு முறை அச்செடுத்தால் போதும், செலவு குறைவு, இரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு எளிதாகக் கிடைக்கும் வசதி பல நோயாளிகளுக்கு இன்னும் அளிக்கப்படாமல் இருப்பது வருத்தத்திற்குரியது.

அண்ணத்தையே தொடாமல் செய்யவும் வழிகள் இருக்கின்றன. தானமளித்தவரின் தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பதப்படுத்திய சவ்வும், விலங்குகளின் கொலாஜனிலிருந்து செய்த விரிப்பும் இதற்காக விற்பனையில் உள்ளன. ஒரே அமர்வில் பல பற்களுக்குச் செய்யவேண்டியிருக்கும்போதும், அண்ணத்தில் எடுக்கவே திசு இல்லாதபோதும் இவை உதவுகின்றன. வேரை முழுதும் மூடுவதிலும், ஆண்டுகள் கடந்து நிலைப்பதிலும் நோயாளியின் சொந்த இணைப்புத் திசுவே இன்னும் முன்னிற்கிறது. கொலாஜன் பொருட்களில் பல பன்றியிலிருந்தும், வேறு சில மாட்டிலிருந்தும் குதிரையிலிருந்தும் எடுக்கப்படுபவை என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறுவது மருத்துவரின் கடமை. சைவ உணவு வழக்கமும் சமய விலக்குகளும் ஆழமாக வேரூன்றிய நம் குடும்பங்களில், வாய்க்குள் எது வைக்கப்பட்டது என்பது பிறகு தெரியவந்தால் அந்த மனக்காயம் அண்ணத்துப் புண்ணைப் போல நான்கு வாரத்தில் ஆறிவிடாது.

நம் பகுதியின் நோயாளிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பல ஆண்டுகள் பாக்கு மென்றவர்களில் சிலருக்கு வாயின் உட்தோல் வெளுத்து, நார் இறுகி, வாய் திறப்பு குறைந்துபோகிறது. அந்த இறுக்கம் அண்ணத்தையும் பிடிக்கலாம். வாய் அகலத் திறக்காதபோது கடைவாய்ப் பக்கம் கத்தியைச் சாய்த்து நுழைப்பதே கடினம். ஒற்றைக் கீறலின் நுட்பம் அங்கே எடுபடாது. இறுகிய திசுவின் இரத்த ஓட்டமும் குறைந்தது என்பதால் அங்கே எடுப்பதையும் ஒட்டுவதையும் பற்றி மிகத் தயங்கியே முடிவெடுக்கவேண்டும். புகைப்பவர்களுக்கு வேர் மூடும் அளவு குறைவதும், அறுவைக்குப் பிந்தைய தொல்லைகள் கூடுவதும் நன்கு அறியப்பட்டவை. புகையிலையை நிறுத்தாதவருக்கு எந்தக் கீறல் சிறந்தது என்று ஆராய்வதைவிட, அறுவையைத் தள்ளிவைத்து முதலில் அதை நிறுத்த உதவுவது நேர்மையான வைத்தியம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடாமல், இதய மருத்துவரையும் பல் மருத்துவரையும் பேசவைக்கவேண்டும்.

ஆகவே ஒருவருக்கு எந்த முறை என்பதை, மருத்துவர் எங்கே பயின்றார், எதைச் செய்து பழகினார் என்பது மட்டும் முடிவுசெய்யக்கூடாது. நோயாளியுடைய அண்ணத்தின் அளவே முடிவுசெய்யவேண்டும். அந்த அளவை எடுப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, ரப்பர் வளையம் கோத்த மெல்லிய ஊசி ஒன்றை எலும்பில் தட்டும்வரை நேராக இறக்கி, வளையத்தைத் தோலின் மட்டத்துக்குத் தள்ளி, வெளியே எடுத்து அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தடிமன் தெரிந்துவிடும். கோரைப்பல்லிலிருந்து முதல் கடைவாய்ப்பல் வரை மூன்று நான்கு இடங்களில் இப்படிப் பார்க்க ஓரிரு நிமிடங்களே ஆகும். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டித் தாராளமாக இருந்தால் ஒற்றைக் கீறல் நோயாளிக்குச் செய்யும் நன்மை பெரிது. இரண்டு, இரண்டரை என்று நின்றுவிட்டால் தோல் நீக்கிய சிறு துண்டை எடுத்து, புண்ணைக் கவனமாக மூடுவதே பாதுகாப்பு. அகலமான ஈறே தேவைப்படும் இடத்தில், நிறம் கண்ணில் படாத பகுதியானால், மேல்தோலோடு எடுக்கும் பழைய முறைக்கே போகலாம். ஒரு பக்கத்து அண்ணம் போதாதபோது மறுபக்கத்திலும் அளந்து பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே தடிமனாக இருக்கவேண்டும் என்ற விதி இல்லை.

எடுத்த இடம் வெறுமையாகவே நின்றுவிடுவதும் இல்லை. காயம் ஆறி, அடியில் புதிய இணைப்புத் திசு உருவாகிய பின், சில மாதங்கள் கழித்து அதே இடத்திலிருந்து மீண்டும் எடுக்க முடியும். முதல் முறை எலும்பின் மேல் போதிய திசுவை விட்டுவைத்தவருக்கே அந்த இரண்டாம் வாய்ப்பு நன்றாக அமைகிறது. நான்கைந்து பற்களில் ஈறு இறங்கியிருக்கும் ஒருவர் முதல் சிகிச்சைக்கு உட்காரும்போது, அடுத்தடுத்த பற்களுக்கான திசுவும் அதே அண்ணத்திலிருந்துதான் வரப்போகிறது என்பதை மருத்துவர் அன்றே கணக்கில் எடுத்து, கத்தியை வைக்கும் இடத்தையும் ஆழத்தையும் குறித்து நோயாளியின் கோப்பில் எழுதிவைக்கவேண்டும்.